எரியுதா அக்கா

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் எனக்கென்று ஒரே ஒரு வேலைதான் உண்டு. தேசிக்காய் பிழிவது. நம் ஊர் எலுமிச்சைதான்; இங்கே அதற்குத் தேசிக்காய் என்று பெயர். மாமி, அதாவது என் மாமியார், தேங்காய்ப்பால் விட்ட சொதி, சம்பல், வறை என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து முடித்து, அடுப்பையும் அணைத்துவிட்டு, "பிள்ளை, தேசிக்காய்" என்று குரல் கொடுப்பார். நான் கணினியை மூடிவிட்டு ஓடுவேன். ஆறு வருஷமாக இதுதான் நடைமுறை. துறையூரில் பத்துப் பேருக்கு ஒற்றை ஆளாய்க் குழம்பு வைத்தவள் நான் என்று மனதுக்குள் முணுமுணுத்தாலும், இந்த வேலையை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் கடந்த சில மாதங்களாக அதை நான் கையுறை போட்டுக்கொண்டு செய்கிறேன். உள்ளே ஒரு பருத்திக் கையுறை, அதற்கு மேல் ஒரு ரப்பர் கையுறை, நடுவில் பரிதாபமாக அரைத் தேசிக்காய். பெரிய அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவள் போல் நான் நிற்பதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கையுறை இல்லாமல் ஒரு சொட்டுச் சாறு நகத்தில் பட்டால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.

இந்தக் கூத்து என் கணவரின் தம்பி குகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ 'தோழி' என்ற பெயரில் சடங்கு முழுக்கக் கூடவே நிற்க வேண்டும். கூறைச் சேலைத் தட்டை ஏந்துவது, பெண்ணை அழைத்து வருவது, தாலி ஏறும்போது பெண்ணுக்குப் பின்னால் நிற்பது எல்லாம் அவள் பொறுப்பு. இந்த வீட்டில் பெண்பிள்ளை கிடையாது. ஆகவே, "நீர்தான் தோழி" என்று மாமி ஒரு மாலை என்னிடம் சொன்னார். பதவி உயர்வு கிடைத்த மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊரில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார்தானே போடுகிறாள். என் அண்ணன் கல்யாணத்தில் நான் போட்ட முடிச்சுக்கு அண்ணி இன்றைக்கும் என்னைத்தான் திட்டுகிறாள். அந்தப் பெருமையோடு மாமியிடம் கேட்டேன்.

"மாமி, அப்ப ரெண்டு முடிச்சு நான்தானே போடணும்?"

"இஞ்ச முடிச்சொண்டும் இல்லைப் பிள்ளை. கொடிக்குச் சுரைதான். அவன் பூட்டுவான். அவனுக்குக் கை நடுங்கினால் நீர் பின்னால நிண்டு பூட்டிவிடும்."

இங்கே தாலி மஞ்சள் கயிற்றில் ஏறுவதில்லை. கொடி என்கிற தடித்த தங்கச் சங்கிலியில் ஏறுகிறது. அதன் பூட்டு கழுத்துக்குப் பின்னால் வரும். காதுத் தோட்டுக்குப் பின்னால் நாம் திருகாணி என்று போடுவோமே, அதே மாதிரி மிளகளவுத் திருகு. அதற்குத்தான் சுரை என்று பெயர். என் இரண்டு முடிச்சும் போயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வீடியோக்காரர் அந்த நேரத்தில் தோழியின் விரல்களைத்தான் கிட்டப் பிடிப்பார் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். நான் என் விரல்களைப் பார்த்தேன். நகங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

அலுவலகத் தோழி ஒருத்தி கொட்டாஞ்சேனையில் ஒரு சலூனைச் சொன்னாள். ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி, செங்குத்தான படி, உள்ளே ஜன்னலே இல்லாத குளிரூட்டிய அறை. கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் ஒரு ரசாயன நெடி. திரும்பிவிடலாமா என்று நான் யோசித்த அந்த நொடியில்தான் மூலையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "வாங்கக்கா, உக்காருங்க."

இதைப் படிக்கும் உங்களில் வெளியூரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்று துள்ளிக்கொண்டு கொழும்புக்கு வந்தவள் நான். வந்து பார்த்தால் எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள், நான்தான் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தேன். வாய் திறந்தால், "இவ படத்தில கதைக்கிற மாதிரியெல்லோ கதைக்கிறா" என்று அன்பாகச் சிரிப்பார்கள். அன்புதான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் "வாங்கோ, இருங்கோ" என்பதைக் கேட்டுக் கேட்டு, நானும் ஓம் போடப் பழகி, "ஆமா" என்பதைத் தொலைபேசியில் அம்மாவிடம் மட்டும் பேசும் சொல்லாக வைத்திருந்தேன். அப்படிப்பட்டவளை ஒருத்தி "உக்காருங்க" என்று சொன்னால் உட்காராமல் என்ன செய்வாள்?

அவள் பெயர் யோகேஸ்வரி. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். "எங்க ஆளுங்க எல்லாம் திருச்சிப் பக்கம்னு சொல்லுவாங்க. நாங்க யாரும் பாத்ததில்ல" என்றாள். நான் திருச்சிக்குப் பக்கத்துத் துறையூர் என்றதும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேச்சுதான். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் ஊற்றுவதா வேண்டாமா என்பதில் தொடங்கி ஆடிப் பண்டிகை வரைக்கும் போனோம். பேச்சோடு பேச்சாக அவள் ஒரு சின்ன மிஷினை என் நகத்தில் வைத்து அராவினாள். வெள்ளைப் பொடி பறந்தது. நகம் சூடேறி, அடியில் யாரோ தீக்குச்சியைப் பிடித்த மாதிரிச் சுள்ளென்றது.

"எரியுதா அக்கா?"

"இல்லம்மா. நீ சொல்லு."

ஒவ்வொரு விரலுக்கும் கேட்டாள். ஒவ்வொரு விரலுக்கும் நான் இல்லை என்றேன். எரிகிறது என்று சொன்னால் பேச்சு நின்றுவிடுமே என்ற பயம். பளபளப்பெல்லாம் போய் நகம் ரோஜா நிறத்தில் மெலிந்த பிறகு, ஒரு பிரஷைத் திரவத்தில் தோய்த்து, பொடியில் உருட்டி, அக்ரிலிக்கை நகத்தில் அப்பினாள். அது சதையின் ஓரத்திலும் வழிந்து இறுகியது. வெளியே வரும்போது என் விரல்கள் யாரோ ஒரு நடிகையின் விரல்கள் போல இருந்தன. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா "லஸ்ஸனயி" என்றார். அழகாக இருக்கிறது என்று பொருள். அன்று முழுக்க என்னைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனேன். நகம் அடியில் வளர்ந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். ஓரம் தூக்கிக்கொண்ட இடத்தைக் கழற்றாமல், அதற்கு மேலேயே புதிதாகப் பூசி மூடினாள். அதே அரத்தால் எனக்கு முன்னால் இருந்தவருக்கும் தேய்த்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. இருந்தும் பார்த்ததெல்லாம் மண்டையில் ஏறவில்லை. என் கணவர் ரமணனுக்கு மட்டும் சந்தேகம். "நீர் நகத்துக்குப் போறீரோ, ஊருக்குப் போறீரோ?" என்று கேட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் மோதிர விரல் நகம் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றாள் யோகேஸ்வரி. கழற்றுவது என்றால் அசிட்டோனில் ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும் என்பது எனக்கும் அப்போது தெரியாது. "ஊற வச்சா நேரம் போயிடும்னு கடைக்கார மேடம் சொல்லுவாங்க" என்றபடி, ஒரு பிளாஸ்டிக் முனையை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். ஒவ்வொன்றும் டக்கென்று வந்தது, என் நகத்தின் ஒரு படையையும் கூட்டிக்கொண்டு. மோதிர விரலில் ரத்தம் வந்தது. "வலிக்குதாக்கா?" என்று பதறினாள். "பரவாயில்லம்மா" என்று நான் சிரித்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை அந்தச் சலூன் அதற்கு முன் பார்த்திருக்காது. அடியில் தெரிந்த நகங்களைப் பார்த்ததும், இன்னொரு நாள் போட்டுக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பஸ் கொச்சிக்கடையைத் தாண்டும்போது கம்பியைப் பிடிக்க முடியாமல் பத்து விரல்களையும் விரித்துத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து, விரல்களைப் பார்த்து ஊதுவது போல் சைகை செய்தாள். நகப்பூச்சு காய்கிறது என்று நினைத்திருக்கிறாள். நானும் நன்றியோடு ஊதிக்கொண்டே வந்தேன்.

களுபோவிலப் பக்கம் ஒரு தோல் மருத்துவரிடம் ரமணன் கூட்டிப்போனார். சிங்களப் பெண்மணி, நிதானமான ஆங்கிலம். நகத்தை அளவுக்கு மேல் அராவியிருக்கிறார்கள், சில விரல்களில் நகம் சதையை விட்டுக் கழன்றிருக்கிறது, மோதிர விரலில் ஈரம் புகுந்து கிருமி பிடித்திருக்கிறது என்றார். பூச மருந்து எழுதினார். நகத்தை ஒட்ட வெட்டி உலர்வாக வைத்திருக்க வேண்டும், முழுதாக வளர ஆறு மாதமாவது ஆகும், அதுவரை மேலே எதையும் பூசவோ ஒட்டவோ கூடாது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அராவும்போது எரிந்திருக்குமே, ஏன் நிறுத்தச் சொல்லவில்லை?" என்று கேட்டார். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"மொழிப் பிரச்சினையா? அந்தப் பெண்ணுக்கு நீங்கள் பேசுவது புரியவில்லையா?"

"புரியும் டாக்டர். ரொம்ப நன்றாகப் புரியும். அதுதான் பிரச்சினை."

அவர் என்னையும் ரமணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டில் இன்னும் ஏதோ எழுதினார். "மனசுக்கும் ஒரு டொக்டரைப் பாக்கச் சொல்லி எழுதியிருப்பா" என்றார் ரமணன், ஆட்டோவில் வரும்போது. சிரித்தேன், ஆனால் பயமாக இருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் மிளகளவுத் திருகை நான் திருக வேண்டும். ஒரு ஊக்கைக்கூட எடுக்க முடியாத விரல்களோடு, முந்நூறு பேருக்கு முன்னால், கெட்டிமேளத்துக்கு நடுவில். இந்த வீட்டில் தேசிக்காய்க்கு அடுத்து என்னை நம்பிக் கொடுத்த ஒரே வேலை அது. மாமி என் கையைப் பார்த்தார். மறுநாள் காலையில் மேசைமேல் இரண்டு ஜோடிக் கையுறைகள் இருந்தன.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நல்ல வேளையாக மேடம் இல்லை. யோகேஸ்வரி கடையைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, கைய மூடிக்கிட்டு இருக்கீங்க?"

விரித்துக் காட்டினேன். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"வலிச்சிச்சா?"

"ஆமா."

"மொத தடவையேவா?"

"மொத தடவையே."

"நான் வெரலுக்கு வெரல் கேட்டேனேக்கா. நீங்க இல்லன்னுதானே சொன்னீங்க." அவள் குரல் மாறியிருந்தது. "மேடம் எனக்கு மூணே நாளுதான் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கப்பறம் எல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் பழகினேன். எரியுதுன்னு சொன்னா மிஷின கொறப்பேன். நீங்க எரியலன்னதால, இந்த அளவுதான் சரின்னு நெனச்சி மத்தவங்களுக்கும் அப்படியே வச்சேன்."

என் நகம், என் வலி, என் முட்டாள்தனம் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். நான் இனிக்க இனிக்கச் சொன்ன 'இல்லம்மா', முன்பின் தெரியாத எத்தனை பெண்களின் விரலில் போய் எரிந்திருக்கிறது! அரைகுறையாகக் கற்றுக்கொடுத்த அந்த மேடம் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அன்று அந்த அறையில் தலையைக் குனிய வேண்டியவள் நான்தான். "நீ பேசுறத நிறுத்திடுவியோன்னு சொல்லல யோகா. இங்க என் கூட யாரும் இப்படிப் பேசுறதில்ல" என்று உள்ளதைச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அவள் தன் விரல்களை என் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். நுனித் தோல் வெடித்து உரிந்திருந்தது. "எனக்கும்தான் எரியும். நான் மேடத்துக்கிட்ட சொன்னேனா? ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லச் சொல்லித் தொலைபேசியில் பதிந்துகொண்டாள். இனிமேல் நெம்புவதில்லை, ஊறவைத்துத்தான் எடுப்பது, மேடம் ஏசினால் ஏசட்டும் என்றாள். அவளுக்கு அது வேலையே போகக்கூடிய காரியம் என்பது எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது கல்யாணத் திருகு பற்றி அவளிடம் புலம்பினேன். அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, முதுகைக் காட்டி, கூந்தலைத் தூக்கினாள். "என் தோட்டுத் திருகாணியக் கழட்டி மாட்டிப் பழகுங்க. நகம் வேணாம், சதையால உருட்டுங்க." முதல் தடவை நான் பதற்றத்தில் காதைக் கிள்ளிவிட்டேன்.

"வலிக்குதுக்கா" என்றாள் உடனே. "பாத்தீங்களா, இப்படித்தான் சொல்லணும்."

அன்று அந்தச் சின்னத் திருகாணியைப் பத்துப் பதினைந்து தடவையாவது கழற்றி மாட்டினேன். அவள் நான்கு தடவை வலிக்குது என்றாள். இரண்டு தடவை வேண்டுமென்றே சொன்னாள்.

கல்யாணத்தன்று என் நகங்கள் ஒட்ட வெட்டி, சின்னப் பிள்ளையுடையது போல இருந்தன. மோதிர விரலில் பிளாஸ்டர். "அக்கா, அந்த விரலைக் கொஞ்சம் மடக்கி வையுங்கோ" என்றார் வீடியோக்காரர். இத்தனை பாடும் எந்த வீடியோவுக்காகப் பட்டேனோ அதில் விரலை மடக்கிக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது. குகன் கொடியைக் கழுத்தில் வைத்து, சுரையை ஒரு சுற்றுத் திருகினான். கை வெடவெடவென்று நடுங்கியது. "அண்ணி, ஏலாது" என்று உதட்டை அசைத்தான். நான் பெண்ணின் கூந்தலையும் மாலையையும் இடது கையால் ஒதுக்கி, வலது கைச் சதையால் சுரையை உருட்டினேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அதோடு இறுகி நின்றது. முதல் சுற்று மாப்பிள்ளை, அடுத்த இரண்டும் நான். மண்டபத்தில் யாருக்கும் அது ஒரு சமாசாரமாகவே தெரியவில்லை. "பூட்டியாச்சோ பிள்ளை?" என்று மாமி கேட்டார். "ஓம் மாமி" என்றேன். துறையூரில் அம்மா தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூப்பிட்டு, "அங்க முடிச்சே இல்லையாமே?" என்று குறைப்பட்டாள். "மூணு சுத்தும்மா. கடைசி ரெண்டும் நான்தான்" என்றேன். "அப்பச் சரி" என்று அவள் சமாதானமாகிவிட்டாள்.

யோகேஸ்வரி இப்போது அதே கொட்டாஞ்சேனையில் வேறொரு சலூனில் இருக்கிறாள். அங்கே ஜன்னல் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு முதல் கேள்வியாக, "இப்ப எரியுதாக்கா?" என்பாள். போன ஞாயிறும் கேட்டாள். "ஆமா, இன்னும் கொஞ்சம் எரியுது" என்றேன். "சரி, பொய் சொல்லல" என்று மதிப்பெண் போட்டாள். நகம் பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது என்ற தைரியத்தில், அன்று மத்தியானம் "பிள்ளை, தேசிக்காய்" என்ற குரல் வந்ததும் கையுறை இல்லாமலே போய் நின்றேன். பாதிப் பழத்தை எடுத்து அழுத்தினேன். சாறு மோதிர விரலில் இறங்கியது.

"எரியுதோ பிள்ளை?"

பழக்கதோஷத்தில் 'இல்லை மாமி' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். "ஓம் மாமி, எரியுது" என்றேன். ஆறு வருஷத்தில் இந்த வீட்டில் நான் சொன்ன முதல் குறை அதுதான்.

"அப்ப வையும். கையைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடும்" என்றார் மாமி. என் கையிலிருந்த பாதியை வாங்கி ஒரு தட்டில் கவிழ்த்து வைத்தார். அவரே பிழிந்துவிடுவார் என்று நினைத்தேன். பிழியவில்லை. சொதி அப்படியே மேசைக்கு வந்தது. ரமணன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா, தேசிக்காய் விடேல்லையோ?"

"அது அவவின்ர வேலை. அவவுக்கு இண்டைக்கு ஏலாது" என்றார் மாமி.

ரமணன் அடுத்த வாயை எடுத்தார். குகனும் புதுப்பெண்ணும்கூடப் புளிப்பில்லாத சொதியையே சோற்றில் விட்டுச் சாப்பிட்டார்கள். மேசை நடுவில் தட்டில் கவிழ்ந்திருந்தது, இங்கே தேசிக்காயும் துறையூரில் எலுமிச்சையுமான அந்தப் பாதிப் பழம். மறுநாளைக்கு நான் வந்து பிழிய வேண்டும் என்று.